ரோபோவைக் கட்டி இழுக்கும் கண்ணுக்குத் தெரியாத கயிறு!
தாம்பரம் பக்கத்து மாணவர்களுக்கு ரேடியோ பாடம்

ஓடிக்கொண்டிருந்த ரோபோ திடீரென்று நின்றுவிட்டது!

சக்கரம் உடையவில்லை. பாட்டரி தீரவில்லை. மோட்டார் புகையவில்லை. ஆனாலும் அசைய மறுக்கிறது. ரிமோட்டைக் கையில் வைத்திருக்கும் மாணவன் பொத்தானைக் குத்து குத்தென்று குத்துகிறான். பயன் இல்லை. மணி ஓடுகிறது. ஒரு ஆட்டம் மொத்தமே இரண்டரை, மூன்று நிமிடந்தான். மூன்று மாத உழைப்பு, வீட்டில் கெஞ்சி வாங்கிய பணம், விடிய விடியக் கண் விழித்தது எல்லாம் அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான்.

கல்லூரி ரோபோ போட்டிகளில் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. என்ன நடந்தது? ரோபோவுக்கும் ரிமோட்டுக்கும் நடுவே இருந்த "கயிறு" அறுந்துவிட்டது. அந்தக் கயிறு கண்ணுக்குத் தெரியாது. அதுதான் ரேடியோ அலை.

கிண்டியில் தொடங்கி குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர், காட்டாங்கொளத்தூர் வரை பெரிய சாலையின் இரு பக்கமும் எத்தனை கல்லூரிகள்! காலையில் தாம்பரம் மின்சார ரெயிலில் ஏறினால், மடியில் அட்டைப் பெட்டியும் அதற்குள் சக்கரமும் கம்பியுமாக ஒரு மாணவனையாவது பார்க்கலாம். அந்தப் பெட்டியில் மிகச் சின்னப் பொருள் ரேடியோதான். கட்டைவிரல் அளவு. விலையும் குறைவு. அதனாலேயே அதைக் கடைசி நாளில் கவனிக்கிறார்கள். போட்டியில் கழுத்தை அறுப்பதும் அதுதான்.

சந்திரனில் ஓடிய ரோபோ

தாம்பரத்துக்கும் ரோபோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? பெரிய சம்பந்தம் உண்டு.

2023-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி, இந்தியாவின் சந்திரயான்-3 சந்திரனில் இறங்கியது. அந்தத் திட்டத்தின் இயக்குனர் ப. வீரமுத்துவேல். விழுப்புரத்துக்காரர். ரெயில்வே ஊழியரின் மகன். அவர் என்ஜினீயரிங் படித்தது மேற்குத் தாம்பரத்தில் உள்ள ஸ்ரீ சாய்ராம் பொறியியல் கல்லூரியில்!

சந்திரயானின் வயிற்றிலிருந்து இறங்கி ஓடியதே "பிரக்யான்" என்ற ஆறு சக்கர வண்டி, அதுவும் ஒரு ரோபோதான். எடை 26 கிலோ. சந்திர மண்ணில் 100 மீட்டருக்கு மேல் ஓடியது. ஆனால் பிரக்யானால் பூமியோடு நேராகப் பேச முடியாது. பக்கத்தில் நின்ற "விக்ரம்" கலத்தோடு மட்டுமே ரேடியோவில் பேசும். விக்ரம்தான் சேதியை பூமிக்கு அனுப்பும். பக்கத்து வீட்டு டெலிபோனில் ஊருக்குச் சேதி சொன்ன காலம் நினைவிருக்கிறதா? அதே கதைதான்!

செப்டம்பரில் சந்திரனில் இரவு வந்தது. அங்கே இரவு என்றால் நம் கணக்கில் சுமார் 14 நாள். வண்டியையும் கலத்தையும் தூங்க வைத்தார்கள். மறுபடி சூரியன் வந்ததும் விஞ்ஞானிகள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை. வண்டி அங்கேயேதான் நிற்கிறது. ஆனால் கயிறு அறுந்துவிட்டது. பேச்சு நின்றால் ரோபோ வெறும் இரும்பு. சந்திரனிலும் அப்படித்தான், கல்லூரிக் கூடத்திலும் அப்படித்தான்.

குரோம்பேட்டை மாணவர்கள்

தாம்பரத்துக்கு முந்திய ரெயில் நிலையங்களில் ஒன்று குரோம்பேட்டை. இங்கே 1949-ம் ஆண்டு சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி. கல்லூரி இருக்கிறது. அப்துல் கலாம் படித்த கல்லூரி. எழுத்தாளர் சுஜாதா எலக்ட்ரானிக்ஸ் படித்ததும் இங்கேதான். "என் இனிய இயந்திரா"வில் பேசும் ரோபோ நாய் ஜீனோவைப் படைத்தாரே, அவரேதான்.

2009-ம் ஆண்டு ஏப்ரல் 20-ந் தேதி "அனுசாட்" என்ற 40 கிலோ செயற்கைக்கோள் விண்ணில் ஏறியது. அண்ணா பல்கலைக்கழகம், இஸ்ரோவின் துணையோடு செய்தது. அதோடு பேசுவதற்கான தரை நிலையத்தைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில்தான் அமைத்தார்கள். 550 கிலோமீட்டர் உயரத்தில் பறந்த பெட்டியோடு குரோம்பேட்டையிலிருந்து பேச்சு!

பிறகு அதே கல்லூரியில் "தக்ஷா" என்ற அணி உருவானது. ஆள் இல்லாமல் பறக்கும் விமானம் செய்யும் அணி. 2018-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நடந்த "மெடிக்கல் எக்ஸ்பிரஸ்" போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. நடிகர் அஜித்குமார் அந்த அணிக்கு ஆலோசகராக இருந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு விமானம் ஓட்டத் தெரியும். பெயருக்கு வந்து நின்றவர் அல்ல.

அந்தப் போட்டியில் கண்ணுக்கு எட்டாத தொலைவில் "ஜோ" என்ற பொம்மை மனிதன் இருப்பான். அவனுக்கு அவசர மருத்துவ உதவி கொண்டுபோக வேண்டும். விமானம் பார்வைக்கு அப்பால் போய்விடும். நம்பிக்கை ரேடியோவில் மட்டுமே. ரேடியோ அறுந்தால் விமானம் தானாக என்ன செய்யும் என்பதும் அந்தப் போட்டியில் முக்கியமான கேள்வி.

குரங்கு ஓட்டிய படகா?

கம்பியில்லாமல் ஒரு பொருளை ஓட்டுவது புதிதல்ல. 1898-ம் ஆண்டு நியூயார்க்கில் ஒரு கண்காட்சி. நிகோலா டெஸ்லா என்ற விஞ்ஞானி தொட்டித் தண்ணீரில் சிறு படகை மிதக்க விட்டார். தள்ளி நின்றபடியே அதை இடமும் வலமும் திருப்பினார். ஜனங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே பழக்கிய குரங்கு இருக்கிறது என்றுகூடச் சிலர் நினைத்தார்களாம்!

நம்மவர் அதற்கும் முந்தியவர். 1895-ல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், ரேடியோ அலையைச் சுவர் வழியே அனுப்பி, அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் கொளுத்திக் காட்டினார்.

இன்று மாணவர்களின் ரோபோ ரேடியோக்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையில் வேலை செய்கின்றன. அப்படியென்றால் ஒரு விநாடியில் 240 கோடி தடவை அலை துடிக்கிறது என்று அர்த்தம்.

லைசென்சு வேண்டுமா?

ஒரு காலத்தில் வீட்டில் பாட்டுக் கேட்கும் ரேடியோ வைத்திருந்தாலே தபாலாபீசில் லைசென்சு கட்ட வேண்டும். தாத்தாவைக் கேட்டால் சொல்வார். அலையை அனுப்புவது என்றால் இன்னும் கெடுபிடி.

2005-ம் ஆண்டு மத்திய அரசு ஒரு விதி செய்தது. 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகளுக்கு லைசென்சு தேவையில்லை. வீட்டு வைபை, புளூடூத், மாணவர்களின் ரிமோட் எல்லாம் இந்த வாசல் வழியாகத்தான் வந்தன.

இங்கே ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுச் சாமானைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். 915 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதிய ரேடியோ அமெரிக்காவில் சர்வ சாதாரணம். நம் நாட்டில் அந்த இடம் செல்போன் கம்பெனிகளுக்குக் கொடுத்த இடத்தில் வருகிறது. இங்கே 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் லைசென்சு இல்லாமல் பயன்படுத்தலாம். விலை மலிவாக இருக்கிறதே என்று 915-ஐ வாங்கிவிட்டால் பிறகு வம்பு.

எல்லா ரோபோவுக்கும் ஒரே பெயர்!

அண்ணா சாலை பக்கத்து ரிச்சி தெருவுக்குப் போய் "ரோபோவுக்கு புளூடூத்" என்று கேட்டால் போதும். கடைக்காரர் பெரும்பாலும் "எச்.சி.05" என்ற சின்னத் தகட்டை எடுத்துப் போடுவார். அதை ரோபோவில் பொருத்தி, செல்போனையே ரிமோட்டாக வைத்து ஓட்டலாம். நல்ல பொருள்தான். பத்து மீட்டர் தூரம் எட்டும்.

ஆனால் கடையிலிருந்து வரும்போது எல்லாத் தகட்டுக்கும் பெயர் "எச்.சி.05". ரகசிய எண்ணும் எல்லாவற்றுக்கும் ஒன்றே: 1234. கூடத்தில் பத்து அணி வந்து நிற்கிறது. செல்போனைத் திறந்தால் பத்து "எச்.சி.05" வரிசையாகத் தெரிகிறது. எது நம்முடையது? ஒருவன் பொத்தானை அழுத்த, அடுத்தவன் ரோபோ கிளம்பி ஓடுகிறது! சிரிப்பாக இருக்கிறது. அந்த ரோபோவில் வெட்டும் தகடு சுழன்றுகொண்டிருந்தால் சிரிக்க முடியுமா?

தகட்டின் சிறு பொத்தானை அழுத்தியபடியே மின்சாரம் கொடுங்கள். விளக்கு இரண்டு விநாடிக்கு ஒரு முறை மெதுவாக மின்னும். இப்போது கம்ப்யூட்டரிலிருந்து கட்டளை அனுப்பிப் பெயரையும் எண்ணையும் மாற்றலாம். அணியின் பெயரையே வையுங்கள். ஐந்து நிமிட வேலை.

புளூடூத் வேண்டாம், கைப்பிடி உள்ள ரிமோட் வேண்டும் என்றால் அதற்கும் ஒரு சடங்கு உண்டு. "பைண்டு" என்று சொல்வார்கள். முடிச்சுப் போடுவது! இன்ன ரிமோட்டுக்கு இன்ன ரிசீவர் என்று ஒருமுறை சேர்த்துவிட்டால், பிறகு அந்த ரிசீவர் வேறு ரிமோட்டின் சொல்லைக் கேட்காது. ரிசீவரை முடிச்சு நிலையில் வைத்து, ரிமோட்டின் பொத்தானை அழுத்தியபடி இயக்கினால், துடிக்கிற விளக்கு நிலையாக எரியும். முடிச்சு விழுந்துவிட்டது.

ஏரியலை எங்கே வைப்பது?

ரிசீவரில் இரண்டு மெல்லிய கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஏரியல். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். அதில் கால் பங்குதான் ஏரியலின் நுனி: சுமார் 3 சென்டிமீட்டர். "நீளமாக இருக்கிறதே" என்று அதை வெட்டிவிடும் மகானுபாவர்கள் உண்டு. வெட்டினால் ரிசீவருக்குக் காது போய்விடும்.

அலுமினியப் பெட்டிக்குள் ரிசீவரை ஒளித்து வைப்பவர்களும் உண்டு. பார்க்க அழகு. ஆனால் உலோகத்தைத் தாண்டி அலை நுழையாது. ஏரியல் நுனி வெளியே தெரிய வேண்டும். இரண்டு நுனியும் ஒரே திசையில் படுக்கக் கூடாது. ஒன்று படுத்தால் ஒன்று நிற்கட்டும். ரோபோ எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றாவது அலையைப் பிடிக்கும்.

இன்னொரு விஷயம். மைக்ரோவேவ் அடுப்பு சோற்றைச் சூடாக்குவதும் இதே 2.4-ஐ ஒட்டிய அலையால்தான். தண்ணீர் அந்த அலையை விழுங்கும். மனித உடம்பில் பெரும் பகுதி தண்ணீர். அதனால்தான் காலிக் கூடத்தில் நன்றாக ஓடிய ரோபோ, கூட்டம் சேர்ந்ததும் தடுமாறுகிறது! போதாக்குறைக்கு, வந்தவர்களின் பையில் ஆளுக்கொரு செல்போன். எல்லாம் அதே அலைவரிசையில் கூச்சல் போடுகின்றன. சந்தை நடுவே காதில் ரகசியம் சொன்னால் கேட்குமா? வைபை மூலம் ஓட்டும் ரோபோவாக இருந்தால், கூடத்தில் 1, 6, 11 ஆகிய மூன்று சானல்களில் எது காலி என்று செல்போனிலேயே பார்த்து அதை எடுத்துக்கொள்வது நல்லது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதாது.

குற்றவாளி யார்?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ரேடியோ அறுந்தது என்று மாணவர்கள் அழுகிறார்களே, பெரும்பாலான சமயம் குற்றவாளி ரேடியோவே அல்ல. மின்சாரம்!

வீட்டில் மிக்சியைப் போட்டால் விளக்கு ஒரு நொடி மங்குகிறது அல்லவா? ரோபோவிலும் அதுவே. நான்கு மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது பாட்டரியை உறிஞ்சி எடுக்கும். மின்னழுத்தம் சட்டென்று இறங்கும். ரேடியோ மயக்கம் போட்டு விழும். மறு நொடியே மின்சாரம் சரியாகிவிடும். ஆனால் ரேடியோ எழுந்து, தன் ரிமோட்டைத் தேடிப் பிடிக்க நேரம் ஆகும். வைபை பெட்டியாக இருந்தால் அரை நிமிடம், ஒரு நிமிடம்கூட ஆகலாம். மூன்று நிமிட ஆட்டத்தில் ஒரு நிமிடம்!

இதற்கு மருந்து உண்டு. ரேடியோவுக்கும் மூளைத் தகட்டுக்கும் மின்சாரம் தனி வழியில் வர வேண்டும். மோட்டாருக்கு ஒரு பாட்டரி, ரேடியோவுக்கு வேறு பாட்டரி வைக்கலாம். இல்லையென்றால் நடுவே மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் சிறு கருவி போடலாம். தனிப் பாட்டரி வைத்தாலும் நெகட்டிவ் கம்பிகளை ஒன்றாக இணைக்க மறக்காதீர்கள். அது விட்டுப்போனால் ஒன்றுமே வேலை செய்யாது. இரவு முழுவதும் புரோகிராமில் தப்புத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இன்னொரு குற்றவாளி, ஆடும் பிளக். ரோபோ மோதும், குதிக்கும், கவிழும். மேஜை மேல் கெட்டியாக இருந்த இணைப்பு மைதானத்தில் கழன்றுவிடும். ஒவ்வொரு கம்பியையும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வருகிறதா? இப்போதே வந்தது நல்லது.

அமெரிக்காவில் எப்படி?

அமெரிக்காவில் "பர்ஸ்ட்" என்ற அமைப்பு 1992 முதல் பள்ளி மாணவர்களுக்கு ரோபோ போட்டி நடத்துகிறது. டீன் கேமன் என்பவர் தொடங்கியது. பல நாட்டு மாணவர்கள் கலந்துகொள்கிறார்கள். அங்கே ரேடியோ விஷயத்தில் மாணவர்கள் இஷ்டப்படி நடக்க முடியாது.

எல்லா அணிக்கும் விதிப்படியான ரேடியோ. ஒவ்வொரு அணிக்கும் ஒரு எண். அந்த எண்ணே ரேடியோவின் விலாசமும் ஆகிறது. அணி எண் 1234 என்றால் விலாசம் 10.12.34 என்று தொடங்கும். வீட்டு நம்பரே தெருப் பெயரும் ஆனது போல! இரண்டு ரோபோ குழம்பவே முடியாது. போட்டிக்கு வந்ததும் ஒவ்வொரு அணியும் தன் ரேடியோவை ஒரு மேஜைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த மைதானத்துக்கு மட்டும் உரிய ரகசியச் சொல்லை அதில் ஏற்றிக் கொடுப்பார்கள். ஊர் திரும்பிப் பயிற்சி செய்ய வேண்டுமானால் மறுபடி மாற்றி அமைக்க வேண்டும். சொந்த வைபையைக் கூடத்தில் யாரும் போடக் கூடாது. செல்போன் ஹாட்ஸ்பாட்டுக்கும் தடை.

நம் ஊர்ப் போட்டிகளிலும் இந்த ஹாட்ஸ்பாட் தடையைக் கண்டிப்பாகக் கொண்டுவரலாம். ஒரு பைசா செலவில்லாத காரியம். அறிவிப்பு செய்ய ஒரு மைக் போதும்!

கயிறு அறுந்தால்?

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் ஒரு நாள் கயிறு அறுந்தே தீரும். அப்போது ரோபோ என்ன செய்யும்? இதுதான் உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

சரியாக அமைக்காத ரோபோ, கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொள்ளும். கடைசிக் கட்டளை "முழு வேகம்" என்றால், முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். முன்னால் சுவர் இருக்கிறதோ, ஒரு பிள்ளையின் கால் இருக்கிறதோ, அதற்குத் தெரியாது. ரிமோட்டில் "பெயில்சேப்" என்று ஒரு வசதி உண்டு. சேதி வராவிட்டால் மோட்டாரை நிறுத்து என்று முன்பே சொல்லி வைப்பது. புளூடூத் ரோபோவாக இருந்தால் புரோகிராமில் எழுத வேண்டும்: அரை விநாடி புதுச் சேதி வராவிட்டால் எல்லா மோட்டாரையும் நிறுத்து. செல்போனும் விரலை எடுக்கும் வரை சேதியை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதைச் சோதிக்காமல் நம்பக் கூடாது. ரோபோவைச் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். சக்கரம் தரையில் படக் கூடாது. முழு வேகத்தில் சுழல விடுங்கள். இப்போது ரிமோட்டை அணையுங்கள். சக்கரம் நிற்கிறதா? நின்றால் சரி. நிற்காவிட்டால் அந்த ரோபோவைத் தரையில் இறக்காதீர்கள். அப்பா, அம்மாவும் இந்தச் சோதனையைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்; என்ஜினீயரிங் படித்திருக்கத் தேவையில்லை.

இயக்கும்போது முதலில் ரிமோட், பிறகு ரோபோ. நிறுத்தும்போது முதலில் ரோபோ, பிறகு ரிமோட். மாறிப் போனால் எஜமான் இல்லாத ரோபோ ஒரு நொடியாவது உயிரோடு இருக்கும்.

பறக்கும் ரோபோ செய்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாம்பரத்தில் விமானப் படைத் தளம் இருக்கிறது. மீனம்பாக்கம் விமான நிலையமும் பக்கத்தில். 2021-ம் ஆண்டின் டிரோன் விதிப்படி, விமான நிலையத்தை ஒட்டிய பகுதிகளில் அனுமதி வாங்காமல் பறக்க விடக் கூடாது. மொட்டை மாடியில் நின்று சும்மா ஒரு சுற்று என்றாலும் தப்புத்தான். கல்லூரி மூலம் அனுமதி கேட்டு, சொன்ன இடத்தில் பறக்க விடுங்கள்.

போட்டிக்குப் புறப்படும் முன் ஒரு உதிரி ரிசீவரையும் அதே ரிமோட்டோடு முடிச்சுப் போட்டுப் பாருங்கள். ஒரே ரிமோட் இரண்டு ரிசீவரை நினைவில் வைக்காது என்றால், மறுபடி முடிச்சுப் போடும் முறையைச் சீட்டில் எழுதி ரிசீவரோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். போட்டி ஞாயிற்றுக்கிழமை என்றால் இது ரொம்ப அவசியம். அன்றைக்கு ரிச்சி தெருவில் பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும்!